வெறும் வயிற்றோடு வரவும்

அத்தியாயம் பதினான்கு

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த கதையைத்தான் போன வாரம் பார்த்தோம். ஊரின் அந்தக் கோடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, தண்ணீர் வருவதற்கு முன்னால் நன்றாக இருமிவிட்டு வரும் ஒரு குழாய். மூன்று வருடமாக மாமியார் வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்திய நம் நர்சம்மாவுக்கு அந்தக் குழாயின் இருமல்கூடச் சங்கீதமாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை குடி போக வேண்டும்.

போவார்களா என்பதுதான் கேள்வி. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் இதற்கு முன் இரண்டு தடவை வீடு பார்த்து இரண்டு தடவையும் காலை வாரியவன். முதல் தடவை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அடுத்த தடவை அம்மாவுக்குக் கால் முறிவு. இரண்டுக்கும் இவள்தான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பது வேறு விஷயம்.

இந்த முறை அதிசயமாக மாமியாரே அவசரப்படுத்தினார். "போறவங்க சீக்கிரம் போனா, எனக்கு வீட்டைப் பெருக்க வசதியா இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

சொன்னது அவ்வளவுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் பேசியே சம்பளம் வாங்கியவர், ஓய்வு பெற்ற பிறகும் பேச்சை மட்டும் விடாதவர், ஒரு மாதமாக ஒற்றை வார்த்தையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஆமா. இல்லை. போதும். கோபம்தான், வேறென்ன என்று நர்சம்மா எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அன்று வியாழக்கிழமை. தடியனுக்குப் பல் பிடுங்கும் நாள்.

தடியன் அந்த வீட்டு நாய். கடைவாய்ப்பல் ஒன்று வேரோடு அழுகி, சீழ் கட்டி, கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. அவன் கொட்டாவி விட்டால் கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து போக வேண்டியிருந்தது. பல்லை எடுக்க மயக்கம் கொடுத்தாக வேண்டும். மயக்கம் கொடுக்க வேண்டுமென்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

இதை அவள் முந்தின நாள் மாலையே ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லியிருந்தாள்.

"ராத்திரியிலேர்ந்து தடியனுக்கு ஒண்ணும் கொடுக்கக் கூடாது. மயக்கத்துல வயித்துல இருக்கறது மேல வந்து மூச்சுக்குழல்ல இறங்கிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து. தண்ணி மட்டும்தான்."

"சரிம்மா" என்றார் மாமனார். பஸ் ஓட்டி ஓய்ந்தவர். ஹாரன் கேட்டுக் கேட்டுக் காது மந்தமானதோ, மாமியார் பேச்சைக் கேட்டு மந்தமானதோ, அவருக்குத்தான் தெரியும். "அப்போ பிஸ்கட்?"

"பிஸ்கட்டும் கூடாது மாமா."

"பாதி?"

"பாதியும் கூடாது!"

கணவன் தலையை ஆட்டினான். மாமியார் "ம்" என்றார். காலையில் நர்சம்மா குளித்துவிட்டு வருவதற்குள் மூவரும் மேஜையில் உட்கார்ந்து வாட்டிய ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தடியன் மாமியாரின் நாற்காலிக்கு அடியில் நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தான். அவனை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் வேலை பார்க்கும் மிருக ஆஸ்பத்திரி வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை உண்டு. 'ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வரவும்.' அவள் கைப்பட எழுதியது. எழுதி என்ன? சோறு ஊட்டிவிட்டு வந்து "ஒண்ணுமே கொடுக்கலைங்க" என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டியே அவள் தொண்டை வறண்டிருந்தது. இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை, நம் வீட்டு நாய்தானே என்று நிம்மதியாக மயக்கத்துக்கு முந்தின ஊசியைப் போட்டாள்.

தடியன் உதட்டை நக்கினான். எச்சில் விட்டான். வயிறு இரண்டு தடவை உள்ளே இழுத்தது. அப்புறம் மேஜை விரிப்பு முழுக்க வாந்தி எடுத்தான்.

ரொட்டி.

டாக்டரம்மா கையுறையைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

"இது யார் வீட்டு நாய் நர்சம்மா?"

"எங்க வீட்டு நாய்தான் டாக்டர்."

"வாசல்ல போர்டு எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"நல்ல கையெழுத்து" என்றார் டாக்டரம்மா. "நல்லவேளை, ஊசியிலேயே வந்துடுச்சு. முழு மயக்கத்துல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு உனக்கு நான் சொல்ல வேண்டாம். இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பாப்போம்."

காது வரை சூடேறியது. ஆத்திரத்தைக் காட்டக்கூட நேரமில்லை. அரை மயக்கத்தில் இருந்த தடியனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையை நெஞ்சைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்து, துணியை விரலில் சுற்றி வாய்க்குள் மிச்சம் இருந்ததைத் துடைத்தெடுத்தாள். வீங்கின பக்கத்தைத் தொடாமல் துடைக்க வேண்டும். ஈறு வெளுக்கவில்லை, மூச்சில் கரகரப்பு இல்லை. பிழைத்தான்.

துடைத்த துணியைப் பார்த்தாள். ரொட்டி துண்டு துண்டாக இல்லை. நன்றாக மென்று, உருட்டி, சாறு எடுத்த சக்கை மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள். நடுவே காகிதக் கைக்குட்டையின் கிழிசல்கள். தடியன் மெல்லுகிற ஜாதியே இல்லை, விழுங்குகிற ஜாதி. இதில் அழுகின பல் வேறு. ஏதோ இடித்தது. ஆனால் அவளுக்கு இருந்த எரிச்சலில் யோசிக்கிற புத்தி எங்கே வேலை செய்யும்? போனை எடுத்தாள்.

கணவன் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தான். "நானா? நான் குனிஞ்சு அவன் மூஞ்சியைக்கூடப் பாக்கலை. நாத்தம் தாங்கலை."

மாமனார், "பாதி பிஸ்கட்தானே கேட்டேன், நீதான் கூடாதுன்னுட்டியே" என்று அவள் மேலேயே வருத்தப்பட்டார்.

மாமியார், "இல்லை" என்றார். போனை வைத்துவிட்டார்.

மூன்று பேர், ஒரு நாய். யாரும் கொடுக்கவில்லை. ரொட்டி தானாக மேஜையிலிருந்து இறங்கி அவன் வாய்க்குள் நடந்து போயிருக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுப் பொய் என்றால் சிரித்துக்கொண்டே வாந்தியைத் துடைத்திருப்பாள். சொந்த வீட்டுப் பொய்யை அப்படித் துடைத்தெறிய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், இந்த வீட்டுச் சகவாசமே வேண்டாம் என்று பல்லைக் கடித்தாள்.

பதினோரு மணிக்குத் தையல்காரர் ஒருவர் கூடையோடு வந்தார். கூடைக்குள் வெள்ளை முயல். பல் வளர்ந்துவிட்டது, தேய்த்துவிட வேண்டும்.

"நீங்க சொன்னபடியே கொண்டு வந்திருக்கேம்மா" என்றார் பெருமையாக. "நேத்து மத்தியானத்திலேர்ந்து ஒரு இலைகூடக் காட்டலை."

நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, யாருங்க பட்டினி போடச் சொன்னது?"

"வாசல்ல போட்டிருக்கே?"

"அது நாய் பூனைக்குங்க! முயலுக்கு வாந்தியே வராது. அதைப் பட்டினி போட்டா குடல் ஓடாம நின்னுபோயிடும். அப்புறம் பல்லைப் பாக்கறதா, உயிரைப் பாக்கறதா?"

"போர்டுல நாய் பூனைன்னு போடலையேம்மா" என்றார் அவர், ஊசியில் நூல் கோர்க்கிற நிதானத்தோடு.

நியாயம்தான். பட்டினி கிடக்க வேண்டியது தின்றுவிட்டு வந்திருக்கிறது, தின்றிருக்க வேண்டியது பட்டினி கிடந்து வந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் அவள் எழுதிய பலகை தொங்குகிறது. இப்படி ஒரு நாளை யாராவது திட்டம் போட்டுக்கூடக் கெடுத்திருக்க முடியாது.

முயலின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். சத்தம் லேசாகத்தான் இருந்தது. புல் மாவைக் கூழாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மடியில் துண்டைச் சுற்றி முயலை வைத்துக்கொண்டாள். முன்னால் திணிக்கக் கூடாது. பக்கவாட்டில், பல் இல்லாத இடைவெளியில் நுனியை வைத்து, கொஞ்சம் விட்டு, விழுங்கும் வரை காத்திருந்து, மறுபடி கொஞ்சம். அவசரப்பட்டால் புரையேறும். அந்த வேலையில் மட்டும் அவளுக்கு எரிச்சல் வராது.

"எப்பலேர்ந்து சரியா சாப்பிடலை?" என்றாள்.

"சாப்பிடாம இல்லம்மா. பசி நல்லா இருக்கு. தட்டுக்கு வரும், எடுக்கும், வாயில வச்சு மெல்லும். ஒரு பக்கமாவேதான் மெல்லும். அப்புறம் அப்படியே உருண்டையா வெளியே தள்ளிடும். பாத்தா சாப்பிட்ட மாதிரிதான் இருக்கும். நானும் ரொம்ப நாள் சாப்பிடுதுன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். எலும்பு தெரிய ஆரம்பிச்சப்புறம்தான்..."

"ம்."

"இன்னொண்ணு, முன்னாடியெல்லாம் கிட்ட போனா உர்ருன்னு சண்டைக்கு வரும். இப்போ சத்தமே இல்லை. ஒரு மூலையில உக்காந்துக்குது. நான் வேற ஏதோ கோபம்னு விட்டுட்டேன்."

சிரிஞ்சு பாதியில் நின்றது.

ஒரு மாதமாக மாமியார் தேநீரை ஆறவிட்டுத்தான் குடிக்கிறார். கையில் எப்போதும் ஒரு காகிதக் கைக்குட்டை கசங்கிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அதைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போவார். இடது பக்கம் மட்டுமே அசையும் தாடை. ரவிக்கைக் கழுத்துக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு. எல்லாவற்றையும் இவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். எதிரே உட்கார்ந்து, தினமும் மூன்று வேளையும். நாய்க்கும் பூனைக்கும் முயலுக்கும் வாயைப் பிளந்து பார்க்கிற இவள், பேசாத மாமியார் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

"போதுமாம்மா? வாயை நக்குது பாருங்க" என்றார் தையல்காரர்.

"போதும்" என்றாள்.  முயலைத் துண்டோடு கூடைக்குள் விட்டாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு நாலு மணிக்கே கிளம்பினாள். தடியன் தள்ளாடித் தள்ளாடி வந்தான். வழியெல்லாம் அவளுக்குத் தோன்றிய முதல் நினைப்பு ஞாயிற்றுக்கிழமை. மாமியாருக்கு என்னவோ என்பது இரண்டாவதுதான். அந்த வரிசைக்காக அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது. வந்தும் வரிசை மாறவில்லை.

மாமியார் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் மாமனார் தொலைக்காட்சியை அலற விட்டிருந்தார்.

"அத்தை, காலைல தடியனுக்கு ரொட்டி கொடுத்தது நீங்கதானே?"

"ஆமா." கத்தி நிற்கவில்லை. "அதுக்கென்ன இப்போ?"

"மென்னு கொடுத்தீங்களா?"

கத்தி நின்றது.

"நானா கொடுக்கலை. காகிதத்துல சுத்தி மடியில வச்சிருந்தேன். பிடுங்கிட்டான். பிடுங்கினான்னு கத்த முடியுமா? அவன் எதிர்ல உக்காந்திருக்கான்." அவன் என்றது மகனை.

"வாயைக் காட்டுங்க."

"பல்லு வலி. நாய்க்கு வரலாம், எனக்கு வரக் கூடாதா?"

"காட்டுங்க அத்தை."

"உன் ஆஸ்பத்திரி வேலையை அங்கேயே வச்சுக்கோ. என்னை என்ன மேஜையில படுக்க வைக்கப் போறியா?"

ஒரு மாதத்தில் அவர் இவ்வளவு பேசியது இப்போதுதான். வார்த்தைகள் கொஞ்சம் வழுக்கி வழுக்கி வந்தன. நர்சம்மா முக்காலியை இழுத்துப் போட்டாள். கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். கடிக்க வரும் நாயிடம்கூட அவள் இத்தனை பொறுமையாக நின்றதில்லை. கடைசியில் மாமியார் கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். வாய் முழுசாகத் திறக்கவில்லை. இரண்டு விரல் நுழையும் அளவுதான்.

நாக்கின் வலது ஓரம். விளிம்பு தடித்து, நடுவில் குழிந்து, சுற்றிலும் வெள்ளையாக ஒரு புண்.  டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"எத்தனை நாளா?"

"முதல்ல வலிக்கலை. அதான் விட்டுட்டேன்."

"எத்தனை நாளான்னு கேட்டேன் அத்தை."

 மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியிருந்தது. "இதோ பாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரு வார்த்தை வெளியே வரக் கூடாது. நீங்க போங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"அதுக்குத்தான் எங்களை விரட்டிக்கிட்டே இருந்தீங்களா?"

"பின்னே? அவனைத் தெரியாதா உனக்கு? அப்பாவுக்குக் கண்ணுன்னா நிப்பான். எனக்குக் காலுன்னா நிப்பான். இதைக் கேட்டா சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டுத்தான் மறுவேலை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ரெண்டு தடவை பொறுத்துக்கிட்டே. மூணாவது தடவை மறுபடியும் என்னாலதான்னா நீ என்னை மன்னிப்பியா? நிஜத்தைச் சொல்லு."

 மாட்டேன் என்பதுதான் நிஜம். இன்று காலை வரை அதுதான் நிஜம். அது இந்த மனுஷிக்குத் தெரியும் என்பதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. மூன்று வருடச் சண்டையில் ஒரு தடவைகூட இவரிடம் இப்படித் தோற்றதில்லை.

வாசலில் சத்தம். கணவன் சாமான் கட்ட ஏழெட்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, முகம் தெரியாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ரெண்டு பேரும் என்ன, டார்ச் வச்சுக்கிட்டு? கரண்ட் போச்சா?" பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ரொட்டி கொடுத்த குற்றவாளி கிடைச்சாச்சா?"

மணிக்கட்டில் பிடி இன்னும் இறுகியது. வேண்டாம் என்று அந்த விரல்கள் கெஞ்சின. அதட்டித்தான் பழக்கம், கெஞ்சிப் பழக்கமில்லாத விரல்கள்.

நர்சம்மா கையை விடுவித்துக்கொண்டாள்.

"அத்தைக்கு நாக்குல புண்ணு இருக்கு. சாதாரணப் புண்ணு இல்லை. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு. நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். வீடு கீடெல்லாம் அப்புறம்."

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"மூணு வருஷத்துல ஒரே ஒரு விஷயம் உன்கிட்ட கேட்டேன்" என்றார். "அதையும் செய்ய மாட்டேன்னுட்டே."

"மாட்டேன் அத்தை."

அவர் எழுந்து உள்ளே போனார். அறைக் கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டன. கணவன் "என்னடி சொல்றே, என்ன புண்ணு, நீ எப்போ பாத்தே?" என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். அவள் டார்ச்சை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

தொலைக்காட்சியின் அலறல் சட்டென்று நின்றது.

மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றார். எதுவுமே காதில் விழாத மனிதர். இன்றைக்கு எல்லாமே விழுந்திருந்தது.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம்மா" என்றார். "போன மாசமே நான் கூட்டிட்டுப் போயிட்டேன். சதையை வெட்டி எடுத்துப் பாத்தாச்சு. உடனே ஆபரேஷன் பண்ணிடலாம், தள்ளிப் போடாதீங்கன்னு டாக்டர் சொன்னார். இவதான் தேதியைத் தள்ளிக் கேட்டா."

"எப்போ?" என்றான் மகன்.

"திங்கட்கிழமை. நீங்க போன மறுநாள்."

அவர் சாத்தின கதவுக்கு முன்னால் போய் நின்றார், தட்டவில்லை. கணவன் பெட்டிகளைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றான். நர்சம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் தான் வெறுத்துக்கொண்டிருந்த மனுஷிக்காக, வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.